தறிகள் நிற்கும் நாள்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஆனைமலை மாசாணியம்மன் மேல் ஆணை. சந்தேகம் இருப்பவர்கள் நேரே அங்கே போய், நீதிக்கல்லில் என் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்துப் பூசிவிடலாம். மிளகாயை நானே வாங்கித் தருகிறேன். இதுவரை பதினோரு பேர் என் பெயருக்கு அரைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அம்மனே கொடுத்த சான்றிதழ் அது.

பெயர் சென்னியப்பன். வயது எழுபத்தொன்று. விசைத்தறி பிட்டர், தறி மக்கர் செய்தால் ஸ்பேனரோடு வருகிற ஆள். சூலூரைத் தாண்டிப் பல்லடம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நூற்றறுபது தறிக்குடோன். இரவு பகல் என்றில்லாமல் ஓடுகிறவை. அந்தச் சத்தத்தில் எங்கள் ஊர்ச் சேவல்கள் கூவுவதை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. விடிந்தால் கூரைமேல் ஏறி, கழுத்தை நீட்டி, வாயை மட்டும் திறந்து மூடும். கோழிகள் அதைப் பார்த்து எழுந்துகொள்ளும். நாய்கள் குரைப்பதில்லை; புது ஆள் வந்தால் வேட்டியை இரண்டு இழுப்பு இழுத்துத் தகவல் சொல்லும். ஒரு கல்யாணத்தில் மேளக்காரர் மேளத்தை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, முகூர்த்த நேரத்தில் வெறும் மடியைத் தட்டினார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தத் தம்பதிக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

ஆகவே நாங்கள் கையால் பேசுகிறவர்கள். இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. விரலைச் சுழற்றினால் தறியை ஓட்டு. உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் நிறுத்து. இந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் எதிர்க்கேள்வி கிடையாது. யார் காட்டினாலும் முதலில் தறியை நிறுத்திவிட வேண்டும், ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும். யாருக்காவது விரல் சிக்கியிருக்கலாம், துணி சிக்கியிருக்கலாம். குடோனுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. ஆள் வேண்டுமென்றால் போய்த் தோளைத் தொட வேண்டும். கூப்பிட்டால் திரும்பாதது எங்கள் ஊரில் ஒரு குறையே அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்த தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாலுசாமி என்பவருடைய குடோனில் கதிரேசனும் அவன் மனைவி அன்புச்செல்வியும் எட்டுத் தறி ஓட்டினார்கள். குடோனுக்கும் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவர்களுக்கு ஒரே பெண். மகிழினி. பிறந்த பதினாறாம் நாளே குடோனுக்கு வந்துவிட்டாள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே சேலைத் தொட்டில். எட்டுத் தறியும் இடித்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு தூக்கம் தூங்குவாள். மாதத்துக்கு ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று மின்வாரியம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும். அன்றைக்கு மட்டும் வீறிட்டு அழுவாள். சத்தம் நின்றதுதான் அவளுக்குச் சத்தம் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்றேகால் வயதில் இரண்டு வார்த்தை பேசினாள். 'கா' என்றால் காக்காய். 'பூ' என்றால் பூ, பூனை, பூரி மூன்றும். இரண்டு வயதை நெருங்கும்போது அந்த இரண்டும் போய்விட்டன. நாங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. வார்த்தை வந்த நாளை எழுதி வைப்பார்கள், போன நாளை யார் எழுதி வைக்கிறார்கள்.

கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தறிவீட்டுப் பிள்ளை அப்படித்தான் என்றோம். ஏதாவது வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டமாட்டாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைத் தண்ணீர்க் குடத்தின் மேல் வைப்பாள். அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். கை ஒரு கரண்டி மாதிரி. பார்த்தீர்களா, இப்போதே கைப்பாஷை வந்துவிட்டது என்றோம். ஊடை நூல் சுற்றுகிற பிளாஸ்டிக் தார்க்குச்சிகளை நிறம் பிரித்துச் சுவரோரமாக வரிசை வைப்பாள். ஒன்றை நகர்த்தினால் தலையைத் தரையில் முட்டுவாள். பாலுசாமி பார்த்துவிட்டு, என் குடோனுக்கு சூப்பர்வைசர் பிறந்துவிட்டாள் என்றார். நுனிக்காலில் நடப்பாள். நாட்டியக்காரி என்றார் வேறொருவர். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பாராட்டு இருந்தது.

அன்புச்செல்வி மட்டும் அந்தப் பாராட்டுகளை நம்பவில்லை. குழந்தைக்கு இரண்டு வயது முடிந்த வாரம், நான் ஆறாம் நம்பர் தறிக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். வந்து தோளைத் தொட்டாள். வெளியே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். வெளியே வந்ததும் கேட்டாள்:

"ஏனுங்க பிட்டரய்யா, இவ பேசுவாளுங்களா? ஆஸ்பத்திரில காட்டிப்போடட்டுமுங்களா?"

இந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் ஏழு வயது வரை வாயே திறக்கவில்லை என்றேன். ஊமை என்று முடிவுகட்டி, என் பெயரையே கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள் என்றேன். ஒரு நாள் என் அப்பா மாட்டுச் சந்தையில் ஒரு மாட்டுக்கு விலை பேசித் துண்டுக்குள் கை போட்டிருந்தபோது, நான் பக்கத்தில் நின்று, அப்பா, இந்த மாட்டுக்குப் பின்னங்கால் நொண்டி, வேறு மாடு பாருங்கள் என்று முழு வாக்கியமாகச் சொன்னேன் என்றேன். சந்தையே திரும்பிப் பார்த்தது என்றேன். இத்தனை நாளாக ஏனடா பேசவில்லை என்று அப்பா கேட்டதற்கு, இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தானே போய்க்கொண்டிருந்தது என்று பதில் சொன்னேனாம்.

அன்புச்செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தறியை ஓட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பதினான்கு மாதம் போகவில்லை.

இதில் பொய் கிடையாது என்று சத்தியம் செய்திருக்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை இன்றைக்கு உண்மையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். பத்தாம் மாதத்திலேயே நான் பேச ஆரம்பித்துவிட்டதாக என் அம்மா சாகிறவரை எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதினான்கு மாதமும் வைத்தியம் கதிரேசனின் அக்கா மாராத்தாள் கையில் இருந்தது. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். கோயில் மணியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளி ஜோசியக்காரரின் கிளி கடித்த கொய்யாப்பழத்தை வாங்கிவந்து ஊட்டினாள். மூன்றாம் தடவை கொய்யா கேட்டுப் போனபோது, அந்தக் கிளியே ஒரு சீட்டை எடுத்து, குழந்தையை டாக்டரிடம் காட்டு என்று போட்டதாம். மாராத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தச் சீட்டை மஞ்சள் துணியில் முடிந்து குழந்தையின் இடுப்பில் கட்டிவிட்டாள்.

பிறகு ஒரு பராமரிப்பு நாள் வந்தது. மகிழினிக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. நூற்றறுபது குடோனும் ஒரே மூச்சில் நின்றன. நான் நீக்கிவைத்த பெல்ட்டை எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்புச்செல்வி வாசற்படியில் நின்று கூப்பிட்டாள்.

"மகி."

திரும்பவில்லை. இரண்டடி உள்ளே வந்து மறுபடி கூப்பிட்டாள். காதைப் பொத்தியிருந்த கைகளை மெல்ல எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டாள். ஏழாவது தடவை கூப்பிட்டபோது அவள் வாய்க்கும் குழந்தையின் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குத் தறிச் சத்தம் துணைக்கு இல்லை.

காது கேட்கவில்லை என்று கதிரேசன் முடிவுக்கு வந்து தலையில் கைவைத்தான். சமையலறைக்குள் போனவன், ஏதோ நினைத்து, டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் காகிதத்தைக் கிழித்தான். சின்னச் சரசரப்பு. மகிழினி எழுந்து நுனிக்காலில் அவனிடம் ஓடினாள்.

கதிரேசன் முகம் மலர்ந்தது. அன்புச்செல்வியின் முகம் செத்துப்போயிற்று.

"காது நல்லாத்தான் கேக்குதுங்க," என்றாள் என்னைப் பார்த்து. "நம்மளத்தான் கேக்கல."

அடுத்த வாரம் கோயம்புத்தூருக்குப் போனோம். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் அம்மா காதைச் சோதித்தார். பிறகு கேள்வி கேட்டார். விரல் நீட்டிக் காட்டுவாளா. ஒரு பொம்மையைக் கொண்டுவந்து, இதைப் பார் என்கிற மாதிரி உங்கள் முகத்தைப் பார்ப்பாளா. நீங்கள் காட்டும் பக்கம் திரும்புவாளா. பேசிய வார்த்தை ஏதாவது நின்றுபோனதா. ஒவ்வொன்றுக்கும் அன்புச்செல்வி பதில் சொல்லச் சொல்ல, ஊர் கொடுத்த பாராட்டுகள் ஒவ்வொன்றாக அந்த மேஜைமேல் விழுந்து வேறு பெயர் வாங்கிக்கொண்டன. ஆட்டிசம் என்றார் டாக்டர். தறிச் சத்தத்தால் வந்ததில்லை, பெற்றவர்கள் செய்த எதனாலும் வந்ததில்லை, இது பிள்ளை பிறக்கும்போதே கூட வந்தது, தறிச் சத்தம் அதை உங்கள் கண்ணுக்கு மறைத்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது, இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றும் சொன்னார். எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டார்.

அன்புச்செல்வி, ஒரு வருஷத்துக்கு மேலாச்சுங்க என்றாள். ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிங்காநல்லூரில் ஒரு சின்ன மாடியில் பேச்சுப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நாள். கற்றுக்கொடுத்தது ஷைமா என்கிற பெண். கோட்டைமேட்டுக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. நான் எதிர்பார்த்தது சொல்லு, சொல்லு என்று குழந்தையின் வாயைப் பிடுங்குவதை. அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. தரையில் உட்கார்ந்தாள். மகிழினி தார்க்குச்சி அடுக்கினால் அவளும் பக்கத்தில் ஒரு வரிசை அடுக்கினாள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு காத்திருந்தாள். மனசுக்குள் பத்து எண்ணணுங்கக்கா, அதுவரைக்கும் நீங்களா எடுத்துக் குடுத்துராதீங்க என்று அன்புச்செல்விக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அந்தப் பத்து எண்ணி முடிப்பதற்குள் ஒரு மீட்டர் துணி நெய்துவிடலாம் போலிருந்தது.

மூன்றாம் வாரம், குழந்தையை நிறுத்தச் சொல்லி அன்புச்செல்வி பழக்கத்தில் உள்ளங்கையை உயர்த்தினாள். ஷைமா அதென்ன என்று விசாரித்தாள். எங்கள் ஊர்ச் சைகைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டச் சொன்னாள். நோட்டில் படம் போட்டுக்கொண்டாள். போட்டு முடித்துவிட்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்:

"வீட்டுல எல்லாரும் கையால பேசுற குடும்பம். இந்தப் புள்ளைகிட்ட மட்டும் ஏங்கக்கா வாயிலேயே வரணும்னு காத்துட்டு இருக்கீங்க? இத அவளுக்குக் குடுங்க. பேச்சு வர்றப்ப வரட்டும். வராட்டியும் அவ சொல்றது உங்களுக்குத் தெரியணுமில்ல?"

அதோடு படக் கார்டுகளும் வந்தன. தண்ணீர்ச் சொம்பு, பிஸ்கட், தறி, ஊஞ்சல், அம்மா. எல்லாம் அவர்கள் வீட்டிலேயே எடுத்த போட்டோ. லேமினேட் செய்து, வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிவிட்டார்கள். சீட்டு முடிந்த மஞ்சள் துணி இருந்த இடத்திலேயே.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதைகளில் அந்த ஐந்து மாதத்தை யாரும் சொல்வதில்லை. மகிழினி தலையை முட்டினாள். கார்டைக் கடித்தாள். கதிரேசன் ஒரு நாள் குடோனுக்குப் பின்னால் போய்ச் சுவரைக் குத்தி விரல் எலும்பை முறித்துக்கொண்டான். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆறாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. குடோனுக்குள் வைத்து மாராத்தாள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் தலை வாருவது முள்வேலி கட்டுகிற மாதிரி. மகிழினி கத்தப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

எங்கள் ஊர்ச் சட்டம் தெரியுமல்லவா. கதிரேசன் பாய்ந்து நான்கு தறியை நிறுத்தினான். அன்புச்செல்வி நான்கை நிறுத்தினாள். நான் ஸ்பேனரைக் கீழே போட்டேன். மாராத்தாள் சீப்பைப் பிடித்தபடி சிலையாக நின்றாள். குடோன் முழுக்க நிசப்தம். மகிழினி சுற்றிப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குப் பிறகு ஒரு நாளைக்கு முப்பது தடவை கையைத் தூக்கினாள். முப்பது தடவையும் தறியை நிறுத்தினார்கள். துணி குறைகிறதே என்று பாலுசாமி வந்து சத்தம் போட ஆரம்பித்தார். மகிழினி அவருக்கும் கையைக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, திரும்பி, வண்டி எடுத்துக்கொண்டு போனவர்தான், நான்கு நாள் பேசவில்லை என்று அவர் மனைவி வந்து குழந்தைக்கு ஒரு டஜன் வளையல் போட்டுவிட்டுப் போனாள். பிறகு கார்டுகளும் வந்தன. தண்ணீர்க் கார்டைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். கரண்டி மாதிரி பிடித்த கையில் அல்ல. முகத்தைப் பார்த்து, கையில் வைத்தாள். நான்கு வயது முடிவதற்குள் பதினொரு கார்டு. தலையை முட்டுவது நின்றுவிட்டது. பேச்சு வரவில்லை. அன்புச்செல்வி அதைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டாள். அவ சொல்றதெல்லாம் எனக்குக் கேக்குதுங்க என்பாள்.

இந்த ஆடி மாதம். மறுபடி ஒரு பராமரிப்பு நாள். கதிரேசன் புதுக் கார்டுகளை லேமினேட் செய்ய சூலூர் போயிருந்தான். மற்றவர்களுக்கு வேலை இல்லை. கரண்ட் இல்லாத நாளில் எங்கள் ஊருக்கு ஒரே பொழுதுபோக்கு நான். வேப்பமரத்தடியில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஆடிக் காற்றில் என் மச்சான் குடோனில் கரண்டே இல்லாமல் தறி ஓடிய கதையைச் சொன்னேன். காற்று ஜன்னல் வழியாக வந்து, ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளி, அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து மறுபடி தள்ளியது. சாயங்காலத்துக்குள் பதினெட்டு மீட்டர். துணியைத் தொட்டுப் பார்த்தால் குளுகுளுவென்று இருந்தது.

நல்ல கதை. நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வந்த மாதிரி வந்ததில்லை. அன்புச்செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு மீட்டர் வந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல், நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்து சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். அதனால் கதையை முடிக்காமல் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். துணியைச் சட்டையாகத் தைத்துப் போட்டவன் பறந்துபோன பகுதி அது. முன்பு கிடையாது. அப்போதுதான் கட்டினேன்.

முடித்தபோது அவள் மடியில் குழந்தை இல்லை.

எல்லோரும் எழுந்து ஓடினார்கள். மகி, மகி என்று தெருத்தெருவாகக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும், பிள்ளையைக் காணோம் என்றால் வாய் அதைத்தான் செய்கிறது. அன்புச்செல்வி மட்டும் கூப்பிடவில்லை. நடுத்தெருவில் நின்று உள்ளங்கையை உயர்த்தினாள். நாற்பது பேரும் வாயை மூடினார்கள்.

அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. ஊருக்கு மேற்கே ஒரு மைல் தூரத்தில் கல் உடைக்கிற கிரஷர். அது டீசலில் ஓடுவது. கரண்ட் நின்ற நாளில் சுற்று வட்டாரத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரே இயந்திரம் அதுதான்.

"சத்தத்தைத் தேடிப் போயிருக்காளுங்க," என்றாள் அன்புச்செல்வி. சொல்லும்போதே ஓடினாள்.

கிரஷருக்கு இந்தப் பக்கம் பழைய பாறைக்குழி. கல் எடுத்து முடித்துக் கைவிட்டது, பல வருஷத்துத் தண்ணீர், வேலி கிடையாது. வழியெல்லாம் கிரஷரின் வெள்ளைத் தூசி, மாவு மாதிரி. அந்தத் தூசியில் சின்னச் சின்னத் தடங்கள் இருந்தன. முழுப் பாதம் இல்லை. விரல்களும் முன்பாதமும் மட்டும். நுனிக்காலில் நடக்கிற பிள்ளை எங்கள் ஊரில் ஒன்றுதான். தடங்கள் ரோட்டைத் தாண்டி, சீமைக்கருவேலத்தைச் சுற்றி, குழியின் விளிம்புப் பக்கமாகப் போயின.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இதற்குத்தான் ஆரம்பத்திலேயே சத்தியம் செய்தேன்.

நான் ஓடவில்லை. எழுபத்தொரு வயதில் ஓடி என்ன ஆகப்போகிறது. நான் நின்ற இடத்திலேயே போனை எடுத்து, சப்ஸ்டேஷனில் இருந்த வயர்மேன் சிக்கந்தரைக் கூப்பிட்டேன். மணி இரண்டே முக்கால். குழந்தை சத்தத்தைத் தேடிப் போகிறது, அதைவிடப் பெரிய சத்தம் இந்தப் பக்கம் வேண்டும், கரண்டைப் போடு என்றேன். கம்பத்தில் ஆள் இருக்கிறார்கள் என்றான். இறக்கு என்றேன். நாலே நிமிஷம். ஆளை இறக்கிவிட்டுக் கரண்டைப் போட்டான். ஊரில் மிச்சம் இருந்தவர்களுக்கு நான் மேட்டின்மேல் நின்று விரலைச் சுழற்றிக் காட்டினேன். ஓட்டு. ஒரு மைல் தூரத்துக்கு என் விரல் தெரிந்தது. நூற்றறுபது குடோன், ஒவ்வொன்றிலும் எத்தனை தறியோ அத்தனையும் ஒரே நொடியில் கிளம்பின. அந்த இடிச் சத்தத்தில் கிரஷர் சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி அமுங்கிப்போயிற்று. பூமி அதிர்ந்து, வெள்ளைத் தூசி முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

கருவேலப் புதருக்குப் பின்னாலிருந்து மகிழினி வந்தாள். விளிம்புக்கு இரண்டடி இருக்கும்போது சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். நுனிக்காலில், அவசரமே இல்லாமல், தூசிக்குள்ளிருந்து நடந்து வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, கவுனில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அன்புச்செல்வி மண்டியிட்டுக் கையை நீட்டினாள். கூப்பிடவில்லை, பிடித்து இழுக்கவில்லை. பத்து எண்ணினாள். மகிழினி இடுப்பு வளையத்திலிருந்து ஒரு கார்டைக் கழற்றி, அம்மாவின் முகத்தைப் பார்த்து, அந்தக் கையில் வைத்தாள். அம்மாவின் போட்டோ போட்ட கார்டு. இதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நாற்பது பேர் பார்த்தார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது சாயங்காலம் ஐந்து பத்துக்கு; பாறைக்குழியிலிருந்து குழந்தையை எடுத்தது மூன்று இருபதுக்கு.